மூன்றாவது டிங்

ஜனவரி 9, வெள்ளி

கடையில் இன்று ஈ ஓட்டினோம். மூக்குக்கண்ணாடி ஃபிரேம்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டே ஒரு விஷயத்தை யோசித்தேன். சில பாட்டுகள் முடிவதே இல்லை, மெல்ல மெல்லத் தேய்ந்து காணாமல் போகின்றன. நமக்குத்தான் அது முடிவு. ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசித்துக்கொண்டிருந்தவர்கள் எப்போது நிறுத்தினார்கள்? யாராவது ஒருவர் "போதும்பா" என்று சொல்லியிருக்க வேண்டுமே. பாட்டை விட்டாலும் விடுவேன், அந்தப் "போதும்பா"வைக் கேட்டே ஆக வேண்டும் எனக்கு.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "டீ போடட்டுமா?" என்று கத்தினார். இவருக்கு நீச்சல் குளத்தில் மேற்பார்வையாளர் வேலை. ஓடாதே, குதிக்காதே என்று பிள்ளைகளை நாள் முழுக்க அதட்டி அதட்டி வீட்டிலும் அதே தொண்டை. போன வருஷத்திலிருந்து ரொம்பவே கூடிவிட்டது. மெதுவாகப் பேசுங்கள் என்றால் சிரிக்கிறார்.

ஜனவரி 11, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை என்றால் புதிர். மாஸ்டரின் ரசிகர் குழுவில் நூறு பேருக்கு மேல் இருக்கிறோம். மாஸ்டர் என்பது எங்கள் இசையமைப்பாளர். அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது, நாங்கள் இன்னும் மாஸ்டர் என்றுதான் சொல்கிறோம். ஏதோ பக்கத்து அறையில் தூங்குகிற மாதிரி. ஒரு இடையிசையிலிருந்து சின்னத் துண்டை வெட்டிப் போடுவது என் பொறுப்பு. எந்தப் பாட்டு என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும்.

இன்றும் இசைத்தட்டுக்காரர்தான் முதலில் சொன்னார். எழுபதைத் தாண்டியவர். வீட்டில் கட்டிலுக்கு அடியிலும் இசைத்தட்டு வைத்திருக்கிறார். வழக்கம்போல் பல் டாக்டர் ஒரு நொடி பின்னால். அவருக்கு முப்பத்தைந்து வயதுதான், ஆனால் வாயைத் திறந்தால் எதிர்வாதம். பிறகு சண்டை. சண்டை வந்தால் தீர்ப்பு என்னுடையது. "மேடம் சொன்னா அப்பீல் இல்லை" என்று குழுவில் ஒரு பேச்சு உண்டு. எனக்கு அது பிடிக்கும். பிடிக்காத மாதிரி இருந்துகொள்வேன்.

ஜனவரி 14, புதன்

எங்கள் கடை இருக்கும் கட்டடத்து லிஃப்டின் கதவு திறக்கும்போது வரும் இரண்டு ஸ்வரமும் மாஸ்டரின் ஒரு சோகப் பாட்டின் ஆரம்பம். மூன்றாம் மாடிக்குப் போகிறவர்கள் எல்லோரும் காதலில் தோற்றுப் போகிறார்கள். முதலாளியிடம் சொல்லவில்லை. அவர் ஏற்கெனவே என்னை ஒரு தினுசாகத்தான் பார்க்கிறார்.

ஜனவரி 18, ஞாயிறு

வந்துவிட்டது! படிக்கட்டுப் பாட்டின் புதுப் பதிப்பு. அதற்கு அந்தப் பெயர் நாங்கள் வைத்தது. பாட்டு முழுக்கக் கதாநாயகனும் நாயகியும் ஒரே படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார்கள். மலைக்குப் போக மாட்டார்கள், உடை மாற்ற மாட்டார்கள், எங்கிருந்தோ நாற்பது பேர் ஓடி வந்து கூட ஆட மாட்டார்கள். தயாரிப்பாளரிடம் காசில்லை என்கிறார் இசைத்தட்டுக்காரர். இருக்கட்டும், எனக்கு அதுதான் உலகத்திலேயே நல்ல பாட்டு.

அதில் ஒரு ட்ரையாங்கிள் உண்டு. இரும்புக் கம்பியை முக்கோணமாக வளைத்துத் தொங்கவிட்டுச் சின்னக் குச்சியால் தட்டுவார்களே, அது. பல்லவியில் இரண்டாவது வரி முடியும்போதெல்லாம் ஒரு டிங். அப்புறம் இரண்டாவது இடையிசையில் வரிசையாக மூன்று. டிங், டிங், மூன்றாவது மட்டும் ஒரு இழை தாமதமாக. வாசித்தவர் கொட்டாவி விட்டிருப்பார் என்பது என் கட்சி. மாஸ்டர் வேண்டுமென்றே செய்தார் என்பது பல் டாக்டர் கட்சி. இதற்காக நாங்கள் ஒரு வாரம் பேசாமல்கூட இருந்திருக்கிறோம். அந்த மூன்றாவது டிங்கைத் தெரிந்தவர்தான் பாட்டைக் கேட்டவர், மற்றவர்களெல்லாம் பாட்டு ஓடும்போது பக்கத்தில் இருந்தவர்கள்.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். என்ன சுத்தம்! கரகரப்பு இல்லை, தூசி இல்லை. டிங்கும் இல்லை.

மறுபடி கேட்டேன். இல்லை. எடுத்துவிட்டார்கள். பாவிகள், துடைக்கிறேன் பேர்வழி என்று அதையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள்.

ஜனவரி 19, திங்கள்

என் பழைய இசைத்தட்டைப் போட்டுச் சரிபார்த்தேன். கரகரவென்று ஓடினாலும் டிங் அங்கே இருக்கிறது, அந்தந்த இடத்தில். புதுசில் இல்லை.

இவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "கேளுங்க. டிங் வருதா?" முழுப் பாட்டையும் பொறுமையாகக் கேட்டார். என் முகத்தைப் பார்த்தார். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். பாட்டு விஷயத்தில் இவரைக் கேட்டதே என் தப்பு. ஒரு பாட்டின் முதல் வரியைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத மனுஷன்.

குழுவில் எழுதிவிட்டேன், சூடாகவே. "ஒரு கலைஞனின் கையை வெட்டியிருக்கிறார்கள்" என்று முடித்தேன்.

ஜனவரி 22, வியாழன்

குழு இரண்டாகிவிட்டது. இசைத்தட்டுக்காரர் என் பக்கம்: "மேடம் சொல்வது நூற்றுக்கு நூறு. எனக்கும் கேட்கவில்லை. அநியாயம்." ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தாத்தா ஆனவர்கள், பழைய வானொலி நேயர்கள் அத்தனை பேரும் என் பின்னால். எதிர்ப்பக்கம் பல் டாக்டரும் கல்லூரிப் பிள்ளைகளும். "டிங் இருக்கிறது மேடம். முன்பைவிடத் தெளிவாக இருக்கிறது" என்கிறார் பல் டாக்டர். நாள் முழுக்க டிரில் சத்தம் கேட்கிறவருக்கு எது கேட்டாலும் டிங்தான் என்று போட்டேன். எழுபது பேர் கைதட்டினார்கள்.

ஜனவரி 25, ஞாயிறு

புதுப் பதிப்பை வாபஸ் வாங்கச் சொல்லி நிறுவனத்துக்கு எழுதிவிட்டோம். முதல் கையெழுத்து என்னுடையது. புதிர் போடவில்லை, போர்க்காலம்.

ஜனவரி 30, வெள்ளி

இன்று ஒருவர் கடைக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். விலைச்சீட்டைக் கை நீட்டிப் பிடித்து, தலையைப் பின்னால் இழுத்துப் படிக்கிறார். கண்ணாடி போடுங்கள் என்றால், "இல்லைங்க, லைட்டுதான் கம்மியா இருக்கு" என்கிறார். லைட்டாம்! தலைக்கு மேலே ஆறு குழல்விளக்கு எரிகிறது.

இப்படிப்பட்டவர்கள் வந்தால் முதலாளி என்னைத்தான் அனுப்புவார். நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான். "சார், கண்ணு தேயறது தப்பில்ல. தேயலைன்னு சாதிக்கிறதுதான் வயசானதைக் காட்டிக்கொடுக்கும்." மனிதர் சிரித்துவிட்டார். ஒரு பழைய பட வில்லன் போட்டிருந்த மாதிரி கறுப்பு ஃபிரேம் கேட்டார். கொடுத்தேன். நன்றாகவே இருந்தது. ஏன் எல்லோருக்கும் வில்லன் கண்ணாடிதான் பொருந்துகிறது? கதாநாயகர்கள் ஏன் கண்ணாடியே போடுவதில்லை? போட்டாலும் காதல் வந்ததும் கழற்றிவிடுகிறார்கள். அப்புறம் நாயகியை எப்படி அடையாளம் தெரிகிறதோ.

பிப்ரவரி 3, செவ்வாய்

கண் பரிசோதனை செய்கிற பெண் நல்ல பெண். சினிமாப் பாட்டே கேட்காது, கேட்டாலும் வேறு ஏதோ மொழியில் கேட்கும். மதியம் சாப்பிடும்போது என் போராட்டத்தைச் சொன்னேன். "போடுங்கக்கா, கேப்போம்" என்றாள். போட்டேன்.

"இந்த டிங்கா?" என்றாள்.

"எந்த டிங்?"

"இதோ. இப்ப வந்துச்சே."

விளையாடாதே என்றேன். முதலிலிருந்து போட்டேன். "டிங் வரும்போது மேசையைத் தட்டு" என்றேன். அவளுக்கு இந்தப் பாட்டு தெரியாது. எங்கே வரும் என்று நான் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று சுவர் பக்கம் திரும்பி உட்கார வைத்தேன்.

இரண்டாவது வரி முடிந்தது. தட்டினாள். மறுபடி இரண்டாவது வரி. தட்டினாள். இரண்டாவது இடையிசை வந்தது. தட்டு, தட்டு. எனக்கு வெறும் வயலின் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு இழை தாமதித்து மூன்றாவது தட்டு.

"கடைசி டிங் கொஞ்சம் லேட்டா வருதுக்கா, இல்ல?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

ஆமாம் என்றேன். சாப்பாட்டு டப்பாவை மூடினேன்.

பிப்ரவரி 4, புதன்

எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

எத்தனை நாளாக? யோசித்துப் பார்த்தால் எல்லாம் சேர்ந்து வருகிறது. வாஷிங் மெஷின் துவைத்து முடித்ததும் பாடுமே, அது பழுதாகிவிட்டது என்று நினைத்தேன். பழுது மெஷினில் இல்லை. காலையில் குருவிகள் வருவதில்லை, ஊரே மாறிவிட்டது என்று போன மாதம் குழுவில் ஒரு பத்தி எழுதினேன். எத்தனை பேர் அதற்கு உருகினார்கள்!

இவர் கத்தியது குளத்துத் தொண்டை இல்லை. எனக்காகக் கத்தியிருக்கிறார். ஒரு வருஷமாக ஒரு வார்த்தை சொல்லாமல் கத்திக்கொண்டே இருந்திருக்கிறார். நான் வேறு, மெதுவா பேசுங்க, மெதுவா பேசுங்கன்னு...

பயமாக இருக்கிறது. வேறு எது போனாலும் சமாளிப்பேன். முட்டி வலிக்கட்டும், முடி கொட்டட்டும். பாட்டு போயிடுச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? இன்னைக்கு டிங். நாளைக்கு புல்லாங்குழலா? அதுக்கப்புறம் பாடறவங்க குரலா? பாட்டு கேக்காத நான் யாரு?

பிப்ரவரி 8, ஞாயிறு

காலையில் இவரிடம் கேட்டுவிட்டேன். "அன்னைக்கு உங்களுக்கு டிங் கேட்டுச்சுதானே?"

செய்தித்தாளை மடித்து வைத்தார். "கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"பாட்டு விஷயத்துல உன்கிட்ட நான் என்னைக்காவது ஜெயிச்சிருக்கேனா?" என்றார். செய்தித்தாளை இன்னொரு மடிப்பு மடித்துக்கொண்டே, "உன் முகத்தைப் பாத்தேன். சொல்ல மனசு வரலை" என்றார். இதையும் கத்தித்தான் சொன்னார். பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. வியாழக்கிழமை காதைக் காட்டப் போகிறோம்.

பிப்ரவரி 12, வியாழன்

கதவைச் சாத்தினால் நெஞ்சு துடிப்பது கேட்கிற ஒரு சின்ன அறை. சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். ஆரம்பத்தில் பரீட்சையில் முதலிடம் வாங்குகிற பிள்ளை மாதிரி அழுத்தித் தள்ளினேன். பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமே வரவில்லை. கண்ணாடிக்கு வெளியே பரிசோதகர் மட்டும் மும்முரமாக ஏதோ செய்துகொண்டிருந்தார். அப்போதே புரிந்துவிட்டது.

பரிசோதனைத் தாளில் என் காது ஒரு கோடாக இருந்தது, இடது பக்கம் ஒழுங்காகப் போகிறது. வலது பக்கம், கீச்சுக் குரலும் மணிச் சத்தமும் இருக்கிற பக்கம், மடமடவென்று இறங்கிவிடுகிறது. காது கேட்கும் கருவி வைத்தால் மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார்.

ஒன்றே ஒன்று கேட்டேன். "அப்போ பழைய இசைத்தட்டுல மட்டும் எனக்கு எப்படிங்க கேக்குது?"

அவர் சிரித்தார். "அதுல கேக்கலைம்மா. கரகரப்பு இருக்கில்ல? அதுக்குப் பின்னாடி டிங் இருக்கும்னு உங்க மூளை நினைச்சுக்கிட்டு அதுவே போட்டுக்குது. புதுசு சுத்தமா இருக்கு. ஒளிச்சு வைக்க இடமில்லை."

வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இத்தனை நாள் அந்த ட்ரையாங்கிளை வாசித்தது நான்தான். மாஸ்டரின் வாத்தியக் குழுவில், சம்பளமில்லாமல்! துக்கத்திலும் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

பிப்ரவரி 15, ஞாயிறு

குழுவில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். டிங் இருக்கிறது, என் காதுதான் இல்லை, நிறுவனத்திடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், பல் டாக்டர் சொன்னதே சரி. அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். போச்சு, இனி அப்பீல் இல்லாத தீர்ப்பும் கிடையாது.

அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் பல் டாக்டர் எழுதியிருக்கிறார். "ஜெயித்த மாதிரியே இல்லை மேடம். அடுத்த வாரம் புதிர் உண்டுதானே?" அதற்கும் கீழே இசைத்தட்டுக்காரர்: "அப்படியானால் எனக்கு ஏன் கேட்கவில்லை?"

கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுதினார். "சரி, சரி. மருமகளிடம் சொல்லியிருக்கிறேன். நாளைக்கு அழைத்துப் போகிறாள்." பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். என் பின்னால் நின்ற படை முழுக்கக் காது பரிசோதனைக்குக் கிளம்பிவிட்டது.

பிப்ரவரி 20, வெள்ளி

கருவி வந்துவிட்டது. காதுக்குப் பின்னால் ஒரு அவரை விதை அளவு. முடியை இழுத்துவிட்டால் தெரியாது. கடையில் கண் பார்க்கும் பெண் என் வசனத்தை எனக்கே சொன்னாள். "அக்கா, தேயறது தப்பில்ல."

வீட்டுக்கு ஓடி வந்து படிக்கட்டுப் பாட்டைப் போட்டேன். ஐயோ. தகரக் கொட்டகைக்குள் பாடுகிறார்கள். பாடகியின் குரல் அவள் குரலே இல்லை. வயலின் கதவு கிறீச்சிடுகிற மாதிரி. டிங் வந்த இடத்தில் தட்டு கீழே விழுந்த மாதிரி ஒரு சத்தம். பாதியில் நிறுத்திவிட்டேன். இதற்கா? கேட்காமல் இருந்தபோது மனசுக்குள்ளாவது பாட்டு நன்றாக இருந்ததே.

இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒன்றும் கத்தவில்லை.

பிப்ரவரி 21, சனி

செய்தித்தாளை யாரும் இவ்வளவு சத்தமாகப் புரட்டக் கூடாது.

பிப்ரவரி 26, வியாழன்

பரிசோதகரிடம் போய்ச் சண்டை பிடித்தேன். பேச்சுக்காக வைத்த அளவு பாட்டுக்கு ஒத்து வராதாம், பாட்டுக்கென்று தனியாக ஒன்று வைக்கலாமாம். முதலிலேயே சொன்னால் என்ன? "நீங்க கேக்கலையேம்மா, எல்லாரும் பேச்சுதான் கேப்பாங்க" என்கிறார். எல்லாரும்! படிக்கட்டுப் பாட்டை அங்கேயே ஓடவிட்டு, இதைக் கூட்டு, அதைக் குறை என்று ஒரு மணி நேரம் அவரைப் பாடாய்ப் படுத்தினேன். வெளியே காத்திருந்தவர்கள் மூன்று தடவை கதவைத் தட்டினார்கள். மூன்றும் எனக்குக் கேட்டது.

கடைசியில் ஒரு தடவை. பல்லவி, இரண்டாவது வரி. டிங்.

சின்னதாக, தள்ளி, சரியாக. நான் மனசுக்குள் வாசித்ததைவிட மெல்லிசாக இருக்கிறது. இவ்வளவு மெல்லிசு என்பதே மறந்துவிட்டது. பாடகியின் குரல் முழுசாகத் திரும்பவில்லை, முன்பு மாதிரி இனி இருக்காது என்றும் சொல்லிவிட்டார். பரவாயில்லை. இடையிசையில் டிங், டிங், கொஞ்சம் பொறுத்து டிங். கொட்டாவிதான், சந்தேகமே இல்லை. பரிசோதகர் காகிதக் கைக்குட்டையை என் பக்கம் தள்ளினார்.

மார்ச் 1, ஞாயிறு

இது என்ன புதுசு?

மதியம் இவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நான் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். குழாய்ச் சத்தத்துக்கு நடுவே வேறு ஏதோ ஒரு சத்தம். ரேடியோ என்று நினைத்தேன். எழுந்து போய்ப் பார்த்தால் இவர். பாடுகிறார்! வாய்க்குள்ளேயே, சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம், மெட்டு இரண்டுக்கும் தெரியாமல் வேறு எங்கோ.

என்னைப் பார்த்தார். என் காதைப் பார்த்தார். கப்பென்று வாயை மூடிக்கொண்டார்.

"எப்பலேந்து பாடறீங்க?"

"ஒரு வருஷமா."

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

தட்டைத் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார். "கல்யாணமான புதுசுல நான் வாயைத் திறந்தாலே நீ திருத்துவே. அந்த இடம் அப்படி இல்லை, கொஞ்சம் மேலே போகணும்னு. சரி, நமக்கு எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன். போன வருஷம் ஒரு நாள் தெரியாம பாடிட்டேன். நீ பக்கத்துலதான் நின்னே. ஒண்ணும் சொல்லலை. அடுத்த நாளும் ஒண்ணும் சொல்லலை. சரின்னு..." என்று இழுத்தார்.

கடைசியில் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், "அது பாட்டுக்கு நல்லா போயிட்டிருந்துச்சு."

இனி பாட மாட்டார். முகத்திலேயே தெரிந்தது. எனக்குப் பாட்டு திரும்பி வந்த வாரத்தில் இவருக்குப் போய்விட்டது.

மார்ச் 4, புதன்

மூன்று நாளாகக் குழாய்ச் சத்தம் மட்டும்தான். பாடுங்க, திருத்த மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். "உன்னால முடியாது" என்றார். உண்மைதான். வாய் பரபரக்கும்.

மார்ச் 7, சனி

மதியம் சாப்பிட்டு முடித்ததும் கருவியின் பெட்டியைக் கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன், மூடி, அவர் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து. "காது வலிக்குது, கொஞ்ச நேரம் கழட்டி வெச்சிருக்கேன்" என்று, கேட்காதவள் பேசுவது போல் சத்தமாகவே சொன்னேன். முடியை இரண்டு பக்கமும் இழுத்துவிட்டுக்கொண்டு கூடத்தில் செய்தித்தாளுடன் உட்கார்ந்தேன். பெட்டி காலி.

குழாய் திறந்தது. இவர் சமையலறையிலிருந்து எட்டிப் பெட்டியைப் பார்ப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. "டீ வேணுமா?" என்று சாதாரணமாகக் கேட்டார், சோதனைக்கு. நான் பக்கத்தைப் புரட்டினேன்.

ஆரம்பித்தார். படிக்கட்டுப் பாட்டு. பல்லவியிலேயே மெட்டு கை நழுவிவிட்டது. ஏற வேண்டிய இடத்தில் இறங்குகிறார், இறங்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்துவிடுகிறார். ஒரு வரி நாயகன் குரலில், ஒரு வரி நாயகி குரலில். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன், நிஜமாகவே. சரணத்தைத் தாண்டிக் குதித்து நேராக இரண்டாவது இடையிசைக்கு வந்தார். வயலினையும் இவரே பாடினார்.

அப்புறம் கரண்டியால் டம்ளரில் தட்டினார். டிங். டிங்.

கை நின்றது. மூன்றாவது, ஒரு இழை தாமதமாக, அந்த இடத்தில்.

நான் செய்தித்தாளை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டேன். சத்தம் வராமல்.